அகலம்

பின்கோடு கேட்டது. தட்டினேன்.
"மன்னிக்கவும். பிரிட்டனுக்குள் மட்டுமே டெலிவரி."
நானும் பிரிட்டன்தான் ஐயா.
வரைபடத்தில் ஷெட்லாந்தை வெட்டியெடுத்து
மூலையில் ஒரு பெட்டிக்குள் ஒட்டியிருப்பீர்களே,
அந்தப் பெட்டிக்குள் யெல் தீவு,
அதில் உல்ஸ்டா படகுத்துறை,
அதன் மேட்டில் காற்று முட்டும் என் வீடு.

இங்கே மரம் கிடையாது.
உள்ளே வைரம் பாய்ந்தால்தான் அது மரம்;
எங்களுக்கு வாய்த்ததெல்லாம்
வெளியே இறுகி உள்ளே காற்றோடும் புல்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நட்ட ஆறு கன்றும்
இருபது வருடமாக என் தோளுயரம்தான்.

ஆகவே திரையில் காடு மேய்ந்தேன்.
செர்ரி. ஆஷ்.
வால்நட், விலையைப் பார்த்ததும் மூடினேன்.
ஓக் என்று தட்டினால் முந்நூற்றுப் பதினோரு பலகைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு படம்.
"பார்க்கும் பலகையே வந்து சேரும்."
ரேகை எடுப்பாய்த் தெரியத்
தண்ணீர் தெளித்துப் படம் பிடித்திருந்தார்கள்.
ஈர முகத்தில் யாரும் அழகுதான்.

கட்டில் செய்யப் போகிறேன்.
பழையதை லவ்ரி எடுத்துப் போனான்.
அவன் அம்மா வீட்டுக் கட்டில், நியாயம்தான்.
அதை ஏற்றிய வேனுக்குக் கைகாட்டி
படகின் இடது வரிசையில் நிறுத்திச்
சக்கரத்துக்குக் கட்டை வைத்ததும் நானே.
வேலை வேலைதான்.
இறங்கும்போது அவன் ஹாரன் அடிக்கவில்லை;
நான் அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீளம்: இரண்டாயிரம் மில்லிமீட்டர். யோசிக்கவில்லை.
கனம்: முப்பத்திரண்டு.
அகலம்:
தொள்ளாயிரம் என்று தட்டினேன்.
ஒரு பூஜ்யத்தை அழித்தேன். இன்னொன்றை.
ஒன்பது மட்டும் கட்டத்துக்குள் நின்றது.
அதையும் அழித்தேன்.
எழுந்துபோய்க் கெட்டிலில் நீர் வைத்தேன்.
திரும்பி வந்து,
ஆயிரத்து முந்நூற்றைம்பது.
யாருக்காக என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.
கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்:
நான் குறுக்கே படுப்பவள்.

டெலிவரிக்குப் போனில்தான் வழி.
ஹியர்ஃபோர்டுஷைரில் க்ளெம் என்றொருவன்.
"தீவுக்கா?" என்று பெருமூச்சு விட்டான்,
நடுவில் கடலைக் கொண்டுவந்து கொட்டியது நான்தான் என்பதுபோல.
பலகைகளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு,
அவை வந்து சேர நூற்று அறுபத்தைந்து.

மூன்று வாரம். நடுவில் இரண்டு புயல்.
கடைசியில் என் படகிலேயே வந்தன,
மீன்தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில்,
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எட்டாவது பலகையின் அந்த முதுகில்,
படம் பிடிக்காத பக்கத்தில்,
உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறுப்பு.
காரணத்தை ரம்பம் கண்டுபிடித்தது,
இரண்டு பல்லைக் கொடுத்து.
ஒரு வேலி ஆணி.

க்ளெம் சிரிக்காமல் சொன்னான்:
"யாரோ மரத்திலேயே கம்பியை அறைந்திருப்பார்கள்.
ஆடு போயிருக்கும், வேலி போயிருக்கும்,
ஆணியை மரம் விழுங்கிவிட்டது.
ஓக்கில் இரும்பு பட்டால் மைதான்.
நாற்பது பவுண்டு கழித்துக்கொள்ளட்டுமா,
திருப்பி அனுப்புகிறீர்களா?"

திருப்பி அனுப்பும் கூலி பலகையின் விலையைத் தாண்டும்.
நாற்பதை வாங்கிக்கொண்டேன்.
தலைமாட்டில் அந்தக் கறை
சுவரைப் பார்ப்பதா, என்னைப் பார்ப்பதா,
இன்னும் முடிவாகவில்லை.

இப்போது படுக்கையறையில் பலகைகள் அடுக்கி,
இடையிடையே குச்சி கொடுத்துக் கிடக்கின்றன.
ஈரமானியில் பதினான்கு.
பத்துக்கு இறங்கும்வரை உளி தொடக் கூடாது.
நான் தரையில் மெத்தை போட்டிருக்கிறேன்.
ராத்திரியில் ஏதோ ஒன்று டக்கென்று சொல்லும்,
பிறகு பேச்சில்லை.

நேற்றுப் பொறுக்காமல்
தரையில் சாக்பீஸால் கட்டிலை வரைந்தேன்,
சரியான அளவில்.
உள்ளே போய்க் குறுக்கே படுத்துப் பார்த்தேன்.
முழங்காலுக்குக் கீழே
இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே.